பந்தா பண்றது யாரு பாஸ்?

ஒரே ஒரு கேள்வி. மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லணும். 'அவன் ரொம்ப பந்தா பண்றான்டா'னு நீங்க கடைசியா யாரைப் பார்த்துச் சொன்னீங்க?

புது போனை வாங்கிட்டு வந்து, பின்பக்கம் தெரியுற மாதிரி டெஸ்க் மேல கவுத்து வெச்ச கிளாஸ்மேட்டையா? வேலை கிடைச்ச ரெண்டாவது நாளே கம்பெனி ஐ.டி. கார்டோட கோயிலுக்குப் போய் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்ச சீனியரையா? கல்யாணப் பந்தியில ராத்திரி எட்டு மணிக்கு கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு ரசம் சாப்பிட்ட சித்தப்பாவையா? லிஸ்ட் நீளுது இல்லே!

சரி, ரெண்டாவது கேள்வி. உங்களைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா? 'சேச்சே... நான் ரொம்ப சிம்பிள் பாஸ்!'னு சொல்றீங்களா? நானும் அதைத்தான் சொன்னேன். நம்ம ஹாஸ்டல்ல 200 பேரைக் கேட்டாலும் 200 பேரும் அதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் ஊர்ல பந்தா பண்றது யாருதான்?

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தா என்ன பண்ணுவான்? ப்ளஸ் டூ-வுல தமிழ் எடுத்த அய்யாவுக்கு போன் போடுவான். போட்டேன். "என்னய்யா, இன்ஜினீயரிங் படிக்கிறவன் தமிழ்ல சந்தேகம் கேக்குறியே... பந்தாவா?"னு ஆரம்பிச்சார். அவர் சொன்னதையும், நான் பட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன்.

பெரிய குடும்பம் பாஸ்!

பந்தாவுக்கு எத்தனை அண்ணன் தம்பிங்க இருக்காங்கனு எண்ணிப் பாருங்க. சீன், பில்டப், அலட்டல், பீத்தல், உதார், ஜம்பம், பவுசு, பகட்டு, டாம்பீகம், படாடோபம், தம்பட்டம்... ஒரு விஷயத்துக்கு இத்தனை பேர் வெச்சிருக்கோம்னா, அது நம்மகிட்ட எவ்வளவு ஸ்டாக் இருக்குனு புரிஞ்சுக்கங்க!

எல்லாம் ஒரே அர்த்தம் மாதிரி தெரியும். ஆனா, ஒவ்வொண்ணுக்கும் தனி டிபார்ட்மென்ட். 'தம்பட்டம்' வாய்க்கு. அது நிஜமாவே ஒரு தோல் வாத்தியம். ஊருக்குச் சேதி சொல்ல அதை அடிப்பாங்க. தன்னைப் பத்தின சேதியைத் தானே அடிச்சுக்கிட்டுப் போனா, சுய தம்பட்டம். 'டாம்பீகம்' வேஷத்துக்கு. வெளிவேஷம், பாசாங்குங்கிற அர்த்தத்துல இருக்கிற வடமொழிச் சொல்லுல இருந்து வந்தது. டம்பமும் அதே வீட்டுப் பிள்ளைதான். 19-ம் நூற்றாண்டுலயே சைதாப்பேட்டை காசி விசுவநாத முதலியார் 'டம்பாச்சாரி விலாசம்'னு ஒரு நாடகம் எழுதியிருக்கார். சொத்தையெல்லாம் ஆடம்பரத்துல அழிக்கிற பணக்காரர்தான் ஹீரோ. இன்னிக்கும் அந்த டைப் ஆளுக்கு டம்பாச்சாரின்னுதான் பேரு!

'சீன்', 'பில்டப்' ரெண்டும் இங்கிலீஷ்ல இருந்து வந்து நம்ம வீட்டுலயே சாப்பிட்டு வளர்ந்த பசங்க. நாடகத்துல, சினிமாவுல வர்ற காட்சிதான் சீன். அதனாலதான் நாம சீன் 'பண்றது' இல்லை, 'போடுறோம்'. வேஷம் போடுற மாதிரி!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'படாடோபம்'. பாம்பு படமெடுத்து உப்பி நிக்கிறதைக் குறிக்கிற வடமொழிச் சொல் அது. பஞ்சதந்திரத்துல இதை வெச்சு ஒரு யோசனைகூட வருது. விஷம் இல்லாத பாம்பா இருந்தாலும் படமெடுக்கத் தெரிஞ்சாதான் பொழைக்கும்ங்கிற மாதிரி. 'அட, நம்ம டிபார்ட்மென்ட் பசங்க கதை!'னு அய்யாகிட்ட சிரிச்சேன். அந்தப் பாம்பை ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில தேவைப்படும்.

பந்தா இலக்கணம்

வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும்னா, அதை எங்கெல்லாம் சொல்றோம்னு பார்த்தா போதும். ஒரு வாரம் ஹாஸ்டல்ல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். சிக்கினது மூணு விதி.

விதி ஒண்ணு: இந்த வார்த்தைக்குத் 'தன்மை' கிடையாது. அதாவது 'நான் பந்தா பண்றேன்'னு யாரும் சொல்றதில்லை. 'நீ பந்தா பண்ணாத'னு முன்னிலை உண்டு. 'அவன் பந்தா பண்றான்'னு படர்க்கை எக்கச்சக்கம். பந்தாங்கிறது எப்பவும் அடுத்தவன் வியாதி.

விதி ரெண்டு: 'பந்தாவே இல்லாத மனுஷன்'னு ஒரு பாராட்டு இருக்கே... அதை யாருக்குச் சொல்றோம்? காரை விட்டு இறங்கி டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்த வி.ஐ.பி-க்கு. நம்ம கிளாஸுக்கு வந்து தரையில உட்கார்ந்து பேசின கலெக்டருக்கு. எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் 20 வருஷமா அதே ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கார். அவரை யாராவது 'பந்தா இல்லாத மனுஷன்'னு பாராட்டி இருக்கோமா? இல்லையே! பந்தா பண்ற 'உரிமை' இருக்குனு நாம நினைக்கிறவங்க அதைப் பண்ணாம இருந்தாதான் பாராட்டு. மத்தவங்களுக்குத் திட்டு மட்டும்தான்.

விதி மூணு: ஒரே பொருள், ரெண்டு பேரு. காலேஜ் சேர்மன் சொந்தக்காரப் பையன் புது புல்லட்ல வந்தா, 'செம கெத்து மச்சி!' எங்க மெஸ் மாஸ்டர் பையன் அதே புல்லட்ல வந்தா, 'பார்றா... பந்தாவை!' வண்டி அதே 350 சி.சி-தான் பாஸ். மாறினது வண்டி இல்லை!

கோர்ட்டுக்குப் போன கெத்து

கெத்துன்னதும் ஞாபகம் வருது. பந்தாவுக்கு சொந்தக்காரனான இந்த வார்த்தை கோர்ட் வரைக்கும் போயிருக்கு. தமிழ்ல பேர் வெச்சா படத்துக்கு கேளிக்கை வரி கிடையாதுனு 2006-ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது. 2016 பொங்கலுக்கு 'கெத்து'னு ஒரு படம் வந்தது. 'கெத்து தமிழ் வார்த்தையே இல்லை'னு சொல்லி வரிவிலக்கு தர மறுத்துட்டாங்க. தயாரிப்பு தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 'கெத்து தமிழ்தான்'னு தீர்ப்பு வந்தது! (2017-ல ஜி.எஸ்.டி. வந்து அந்தப் பழைய வரிக் கணக்கே மாறிடுச்சு. அது வேற கதை.)

ஆக, கெத்து தமிழா இல்லையானு கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா, எது கெத்து, எது பந்தானு தீர்ப்பு சொல்றது யாரு? நாமதான். டெய்லி சொல்றோம். கேன்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடறோம். வாய்தா கிடையாது, அப்பீல் கிடையாது.

நானும் ஒரு தீர்ப்பு சொன்னேன். அதைத்தான் இப்போ சொல்லப் போறேன். கொஞ்சம் சீரியஸ். ஓகேவா?

கலெக்டர் வர்றார்!

முதல் வருஷம். நாங்க எல்லாம் கசங்கின டி-ஷர்ட்ல கிளாஸுக்குப் போவோம். ஒருத்தன் மட்டும் டெய்லி அயர்ன் பண்ணின முழுக்கை சட்டை, இன் பண்ணி பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ, கையில ஃபைலோட வருவான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கும் அதே கெட்டப்! 'எழுந்திரிங்கடா... கலெக்டர் வர்றார்!'னு முதல் வாரத்துலயே பேர் வெச்சாச்சு. வெச்ச புண்ணியவான் யாரா? அடியேன்தான்.

அவன் கேன்டீனுக்கு வர மாட்டான். கூப்பிட்டா, 'பசிக்கலடா' என்பான். 'நம்மகூட டீ குடிச்சா கலெக்டர் கௌரவம் என்னாகிறது!'னு ஓட்டுவோம். அவனும் சிரிச்சுக்கிட்டே போயிடுவான்.

இப்போ மூணாவது வருஷம். போன மாசம் பிளேஸ்மென்ட் டிரெய்னிங்ல மாதிரி இன்டர்வியூ நடந்தது. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'னு கேட்டாங்க. நான் எட்டாவதுல வாங்கின கேரம் சர்ட்டிஃபிகேட் வரைக்கும் அளந்து விட்டேன். கலெக்டர் எழுந்தான். பேரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். 'தேங்க் யூ சார்'னு உட்கார்ந்துட்டான். மொத்தம் பத்து செகண்ட்!

பாஸ், அவன்தான் எங்க கிளாஸ்ல மூணாவது ரேங்க். ஒர்க் ஷாப்ல லேத் மெஷின் மக்கர் பண்ணினா இன்ஸ்ட்ரக்டரே அவனைத்தான் தேடுவார். வெளியே வந்து, "ஏன்டா எதுவுமே சொல்லலை?"னு கத்தினேன். அவன் ரொம்ப சாதாரணமாச் சொன்னான். "சொன்னா பந்தானு சொல்லுவீங்களேடா!"

பளார்னு ஒரு அறை விட்டிருந்தாகூட அவ்வளவு வலிச்சிருக்காது.

ராத்திரியில ஒரு குடை

அந்த வாரக் கடைசியில அவன்கூட அவங்க ஊருக்குப் போனேன். ராமநாதபுரம் மாவட்டத்துல ஒரு கிராமம். டீ மேட்டருக்கு விடை அங்கே போன பத்தாவது நிமிஷம் கிடைச்சது. வீட்டுல இருந்து அவனுக்கு மாசம் வர்ற பணம், நான் ஒரு வாரத்துல கேன்டீன்ல அழிக்கிற காசு. 'நீங்க ஒரு நாள் வாங்கித் தந்தா, நான் ஒரு நாள் வாங்கித் தரணும்லடா... அதான் வரலை'னு சொன்னான்.

சட்டை மேட்டருக்கு விடை ராத்திரிதான் கிடைச்சது. லேசா தூறல். கடைசி பஸ்ஸுக்கு என்னை ஏத்திவிட அவன் குடையை எடுத்தான். நான் வாய் சும்மா இருக்காம, 'அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பானாம்'னு பழமொழியை எடுத்து விட்டேன். திண்ணையில இருந்த அவன் தாத்தாவும் சிரிச்சார். சிரிச்சு முடிச்சுட்டு, "பகல்ல புடிக்க விட்டாத்தானே தம்பி?" என்றார்.

எனக்குப் புரியலை. அவரே சொன்னார். "எங்க வயசுல, எங்க தெருவைத் தாண்டினா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும். குடையை மடக்கிக்கணும். சட்டை போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போனா, 'என்னடா, பவுசு ஏறிப் போச்சா?'ம்பாக. இவன் காலேஜுக்குக் கிளம்புன அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'முழுக்கைச் சட்டை போட்டு, பூட்ஸு போட்டு, இந்தத் தெருவழியா நடந்து போய் பஸ் ஏறுடா. நான் பார்க்கணும்'னேன்."

நாங்க மூணு வருஷமா 'பந்தா'னு ஓட்டினது, ஒரு பெரியவரோட அறுபது வருஷத்து ஆசையை!

இது ஒரு தாத்தாவோட கதை மட்டும் இல்லை பாஸ். திரும்பி வந்து தேடினேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கின ஜே.எச்.ஹட்டன், இந்தியாவின் சாதி பத்தி எழுதின புத்தகத்துல ஒரு பட்டியல் தர்றார். 1930 டிசம்பர்ல இதே ராமநாதபுரம் பக்கம் ஆதிக்க சாதிக்காரங்க, ஆதிதிராவிட மக்களுக்குப் போட்ட எட்டுத் தடைகள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. வீட்டுல மண் பாத்திரம் மட்டும்தான். பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறினவங்க குடிசைகளை எரிச்சிருக்காங்க. அடுத்த வருஷம் தடைகள் பதினொண்ணு ஆச்சு. அதுல ஒண்ணு, பிள்ளைங்க படிக்கக் கூடாது.

அதுக்கும் முன்னாடி, இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டமா இருக்கிற பகுதி திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்தப்போ நடந்தது தோள்சீலைப் போராட்டம். பல வருஷம் போராடின பிறகு, நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கலாம்னு 1859-ல அரசு அறிவிச்சது. ஆனா ஒரு நிபந்தனை. உயர்சாதிப் பெண்கள் போடுற மாதிரி மட்டும் போடக் கூடாது! பிரச்னை துணியில இல்லை. 'நீயும் என்னை மாதிரி தெரியலாமா?'ங்கிறதுதான் பிரச்னை.

இப்போ விதி மூணை மறுபடியும் படிங்க. புல்லட் மேட்டர். அடிவயித்துல என்னமோ பண்ணலை? எனக்குப் பண்ணிச்சு.

நன்னூல் தந்த லைசென்ஸ்

'அப்போ பந்தாவே தப்பில்லையா?'னு கேட்கிறீங்களா? தப்பான பந்தா நிறைய இருக்கு. அப்பா வட்டிக்கு வாங்கின காசுல போன் மாத்துறது, வாட்ச்மேன் அண்ணனை 'யோவ்'னு கூப்பிடுறது, 'நான் யார் தெரியுமா?'னு டிராஃபிக் போலீஸ்கிட்ட எகிறுறது... இதுக்கெல்லாம் தாராளமா அந்த வார்த்தையைச் சொல்லலாம். தாராளமா ஓட்டலாம். குறைகுடம் கூத்தாடத்தான் செய்யும்.

ஆனா, தன்னைப் பத்திச் சொல்றதே தப்பானு அய்யாகிட்ட கேட்டேன். 'நன்னூல் படிக்கலையா நீ?'னு திட்டிட்டுச் சொன்னார். 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின இலக்கணப் புத்தகம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துக்கிறது தகுதி இல்லைனு அதுல ஒரு விதி இருக்கு. அதனாலதான் புத்தகத்துக்கு சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரோ, கூடப் படிச்சவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதணும். ஆனா, அடுத்த விதியிலயே நாலு இடத்துல விலக்கு தர்றார் மனுஷர். அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, நம்ம திறமை தெரியாதவங்க நடுவுல, சபையில வாதாடி ஜெயிக்க வேண்டிய நேரத்துல, எதிராளி நம்மளைப் பழிச்சுப் பேசும்போது. இந்த நாலு இடத்துல தன்னைப் புகழ்ந்துக்கிறது தகும்!

நல்லா பாருங்க பாஸ். ஓலைங்கிறது நம்ம ரெஸ்யூம். திறமை தெரியாதவங்கனா இன்டர்வியூ எடுக்கிறவங்க. சபையில வாதம்னா குரூப் டிஸ்கஷன். பழிச்சுப் பேசுறது? நாங்க வெச்ச பட்டப்பேர்! ப்ரீ-ஃபைனல் இயருக்கு 800 வருஷம் முன்னாடியே கோச்சிங் கொடுத்திருக்கார் மனுஷர்.

ஜீரோ எரர் பார்த்தீங்களா?

முதல் வருஷ லேப்ல வெர்னியர் காலிப்பர் கொடுத்ததும் சொல்லித் தருவாங்க. அளக்கிறதுக்கு முன்னாடி, கருவியில ஜீரோ எரர் இருக்கானு பாரு. கருவியிலயே கோளாறு இருந்தா, எதை அளந்தாலும் தப்பாத்தான் வரும்.

அடுத்த தடவை 'பந்தா'னு சொல்ல வாயைத் திறக்கும்போது மூணே மூணு செக் பண்ணுங்க. ஒண்ணு, அவன் செய்யுறது யாரையாவது மிதிக்குதா? இல்லை, அவன் நிமிர்ந்து நிக்கிறான், அவ்வளவுதானா? ரெண்டு, இதையே ஒரு பணக்காரப் பையன் செஞ்சா 'கெத்து'ன்னிருப்பேனா? மூணு, எனக்கு ஏன் எரியுது? மூணாவதுக்கு மட்டும் வெளியில யாருக்கும் பதில் சொல்ல வேணாம். உங்களுக்கே சொல்லிக்கிட்டா போதும்.

அந்தப் பாம்பு ஞாபகம் இருக்கா? படம் எடுக்கிறது எல்லாமே கொத்துறதுக்கு இல்லை. சிலது, மிதிபடாம இருக்கிறதுக்கு.

இந்தக் கட்டுரையில அவன் பேரைப் போடலாமானு கேட்டேன். 'வேணாம்டா, பந்தாவா இருக்கும்'னுட்டான். போன வாரம் ரெண்டாவது மாதிரி இன்டர்வியூ. எழுந்து நின்னான். லேத்தைப் பத்திச் சொன்னான். ரேங்கைச் சொன்னான். 'எங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நான்தான் சார்'னு சொன்னான். மூணு நிமிஷம் பேசினான். நானும் கடைசி பெஞ்சும் கைதட்டினதுல டிரெய்னரே பயந்துட்டார்.

வெளியே வந்ததும், "சாரி மச்சி, இனிமே உன்னை 'கலெக்டர்'னு கூப்பிட மாட்டோம்" என்றேன்.

"டேய்... அதை மட்டும் மாத்திடாதீங்கடா. தாத்தாவுக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிச்சிருக்கு!"